பழைய பிஸ்டல் வாங்குமுன் கிரிப்பைக் கழற்றிப் பாருங்கள்

2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை. ரெயின்போ நகர்ப் பக்கம் வீட்டுக்குள் வந்த தண்ணீர் வடியவே நாளாயிற்று. அதற்கு மூன்று மாதம் கழித்து அக்கா மகன் போன் செய்தான்.

"மாமா, பாண்டியில ஒரு வால்தர் பிபி பிஸ்டல் விலைக்கு வருது. வெளியில கண்ணாடி மாதிரி இருக்கு. நீங்க ஒரு தடவை வந்து பார்த்துட்டா போதும்."

நான் ராணுவத்தில் ஆர்மரராக, அதாவது துப்பாக்கிகளைப் பழுதுபார்ப்பவராக இருந்தவன். ஓய்வு பெற்றுக் கடலூர் வந்த பிறகு, சொந்தத்தில் யார் துப்பாக்கி வாங்கினாலும் விற்றாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். போனேன். கண்ணாடி மாதிரிதான் இருந்தது. வால்தர் பிபியின் கைப்பிடியை ஒரே ஒரு திருகாணி பிடித்துக்கொண்டிருக்கும். விற்பவரிடம் கேட்டு அதைக் கழற்றினேன். உள்ளே ஸ்பிரிங் முழுக்கச் செங்கல் நிறம். மூலையில் காய்ந்த வண்டல், விரலால் தொட்டால் பொடிப்பொடியாக உதிர்ந்தது. அந்தப் பிஸ்டல் தண்ணீருக்குள் கிடந்திருக்கிறது. பிறகு யாரோ வெளிப்பக்கத்தை மட்டும் பஃபிங் போட்டுக் கருநீலப் பூச்சு ஏற்றியிருக்கிறார்கள்.

நம் ஊரில் பழைய பிஸ்டல் வாங்குகிறவருக்கு என்னிடம் இருப்பது ஒரே அறிவுரை. பெயரைப் பார்த்து வாங்காதீர்கள், அது இத்தனை வருடம் எங்கே, எப்படி இருந்தது என்று பார்த்து வாங்குங்கள். கடற்கரையில் வால்தரும் துருப்பிடிக்கும், உள்நாட்டுச் சரக்கும் துருப்பிடிக்கும்.

முதலில் காகிதம்

உரிமம் கைக்கு வராமல் பிஸ்டல் பார்க்கக் கிளம்பாதீர்கள். கடலூர் மாவட்டத்துக்காரருக்கும் புதுச்சேரிக்காரருக்கும் உரிமம் தருவது அந்தந்த மாவட்ட ஆட்சியர். வயது 21 நிறைந்திருக்க வேண்டும். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான், முன்பு மூன்று. அப்போது மூன்றாவதைக் கையை விட்டு அனுப்ப வேண்டியவர்கள் பலர். கடைகளில் டெபாசிட்டாகக் கிடந்து விலைக்கு வரும் பழைய துப்பாக்கிகளில் அப்படி வந்தவையும் உண்டு.

உரிமத்தில் எந்த 'போர்' (bore, குழாயின் உள்ளளவு) என்று எழுதியிருக்கிறதோ அதைத்தான் வாங்கலாம். 9 எம்.எம். பாராபெல்லம், .303 எல்லாம் தடை செய்யப்பட்ட போர், சாதாரண உரிமத்துக்குக் கிடைக்காது. நடைமுறையில் நமக்குக் கிடைப்பது .32 பிஸ்டல், .32 ரிவால்வர், சில .25, .22. வெளிநாட்டுத் துப்பாக்கி இறக்குமதியைத் தனியாருக்கு 1980களின் நடுவிலேயே அடைத்துவிட்டார்கள். அதனால்தான் ஐம்பது அறுபது வருடப் பழைய வால்தரும் பிரவுனிங்கும் லட்சக்கணக்கில் விலை போகின்றன. அந்த விலை பற்றாக்குறைக்கான விலை. தரத்துக்கானது என்று எண்ணிவிடாதீர்கள்.

அப்புறம் நம் பக்கத்துக்கே உரிய சிக்கல் ஒன்று. உரிமத்தில் 'செல்லுபடியாகும் எல்லை' என்று ஒரு வரி இருக்கும். அது தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால், பாண்டியில் வாங்கிய பிஸ்டலோடு நீங்கள் ஊர் திரும்ப முடியாது. எல்லைச் சாவடியான முள்ளோடையில் மது பாட்டிலுக்காகத்தான் வண்டியை நிறுத்துவார்கள் என்று நினைத்துப் பிஸ்டலோடு மாட்டிக்கொண்டால் அது ஆயுதச் சட்ட வழக்கு. கடலூரிலிருந்து பாண்டிக்கு அரை மணிப் பயணம்தான், ஆனால் எல்லை எல்லைதான். தேவையென்றால் முதலில் ஆட்சியர் அலுவலகத்தில் எல்லையை விரிவாக்கிக்கொள்ளுங்கள்.

கடையில் வாங்கினால் பதிவேடு, உரிமப் புத்தகத்தில் பதிவு எல்லாவற்றையும் கடைக்காரரே பார்த்துக்கொள்வார். தனியாரிடம் வாங்கினால், விற்பவர் உங்கள் பெயர் முகவரியோடு மாவட்ட நடுவருக்கோ பக்கத்துக் காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கைமாற்ற வேண்டும். "அட்வான்ஸ் கொடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க, பேப்பர் அப்புறம் பார்த்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் காபியைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பாண்டியில் சில வீடுகளில் இன்னொரு கதை உண்டு. பிரெஞ்சுப் படையில் இருந்த சொல்தா தாத்தாவின் பெட்டியிலிருந்து ஒரு பிஸ்டல் கிளம்பும். உரிமம் இருக்காது. அதை வாங்கவும் கூடாது, விற்கவும் கூடாது, வைத்திருப்பதே குற்றம். வழக்கறிஞர் ஒருவரைப் பிடித்து, அவர் மூலமாக ஒப்படைப்பதுதான் வழி. முறையான உரிமத்தோடு வைத்திருந்தவர் இறந்துபோனால் கதை வேறு. துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற கடையிலோ டெபாசிட் செய்துவிட்டு, வாரிசு தன் பெயரில் உரிமம் கேட்கலாம்.

கையில் எடுத்தவுடன்

முனை ஆளில்லாத பக்கம், விரல் விசைக்கு வெளியே. முதலில் தோட்டா நிரப்பும் பெட்டியான மேகசினை உருவுங்கள். அப்புறம் மேலே நகரும் பகுதியான ஸ்லைடை முழுக்கப் பின்னால் இழுத்து, தோட்டா வெடிக்க உட்காரும் அறைக்குள் கண்ணால் பாருங்கள், சுண்டுவிரல் நுனியாலும் தொட்டுப் பாருங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. ஸ்லைடை முதலில் இழுத்துவிட்டு மேகசினைப் பிறகு எடுத்தால், மேகசினிலிருந்த ஒரு தோட்டா ஏற்கெனவே அறைக்குள் போய் உட்கார்ந்திருக்கும். "காலி சார், நான் பார்த்துட்டேன்" என்று விற்பவர் சொன்னாலும் நீங்களும் பாருங்கள். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அவரிடம் வாங்க வேண்டாம்.

அடுத்து எண். அடிச்சட்டமான பிரேமில் உள்ள எண்ணும் விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பல மாடல்களில் ஸ்லைடிலும், குண்டு போகும் குழாயான பேரலிலும்கூட எண் இருக்கும். அவை வேறு வேறாக இருந்தால் இரண்டு பிஸ்டலைச் சேர்த்து ஒன்றாக்கியிருக்கிறார்கள் என்று பொருள். எண்ணை அழித்தோ மாற்றிக் குத்தியோ இருந்தால் பேச்சே வேண்டாம், சட்டப்படி அதைத் தொடுவதே வம்பு.

வெளிப்பக்கம் எதைச் சொல்லும்

பளபளப்பு சந்தேகத்துக்குரியது. தேய்ந்த விளிம்பு, உறையில் உரசி வெளுத்த மூக்கு, இவை நேர்மையான அடையாளங்கள். தொழிற்சாலையில் குத்திய எழுத்தின் ஓரம் கூர்மையாக இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறுபூச்சு செய்திருந்தால் எழுத்து மழுங்கி, நூறு பேர் கைபட்ட பழைய நாணயம் போல ஆகிவிடும். நகத்தால் தடவினாலே தெரியும். தட்டையான பக்கங்களில் டியூப் லைட் வெளிச்சத்தைச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சக் கோடு நேராக ஓடினால் சரி, அலை அலையாக நெளிந்தால் அங்கே குழி இருந்தது, அதை நிரவியிருக்கிறார்கள்.

திருகாணித் தலைகள் சிதைந்திருந்தால் வீட்டு ஸ்க்ரூடிரைவர் புகுந்திருக்கிறது. கைப்பிடிக்கு அடியில் பார்க்க வேண்டியதை மேலே சொல்லிவிட்டேன். கைவியர்வையும் உப்புக் காற்றும் போய்த் தங்குகிற இடம் அதுதான். மேலாக ஒரு பழுப்புத் தூசி இருந்தால் பயப்பட வேண்டாம், எண்ணெய்த் துணியில் துடைத்தால் போய்விடும். துடைத்த பிறகும் நகம் மாட்டுகிற மாதிரிக் குழி இருந்தால் இரும்பு தின்னப்பட்டிருக்கிறது.

தேங்காய் எண்ணெய் வாசம் அடித்தாலும் குறித்துக்கொள்ளுங்கள். நல்ல எண்ணத்தோடுதான் போட்டிருப்பார்கள். ஆனால் நாளாக நாளாக அது பிசினாகி, தோட்டாவின் பின்புறத்தைக் குத்தும் ஃபயரிங் பின்னை அசையாமல் பிடித்துக்கொள்ளும். கழற்றிக் கழுவினால் சரியாகிவிடும். விலை பேச நல்ல பிடி.

பேரலும் ஸ்பிரிங்கும்

.32 பிஸ்டல்களில் பெரும்பாலானவை எளிய அமைப்பு. சுடும்போது ஸ்லைடைப் பூட்டிவைக்க எதுவும் கிடையாது. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும்தான் அழுத்தத்தைத் தாங்குகின்றன. ஸ்பிரிங் தளர்ந்துவிட்டால் ஒவ்வொரு சுடுதலிலும் ஸ்லைடு பிரேமில் போய் மோதும், வருடக்கணக்கில் மோதி மோதி விரிசல் விடும். காலிப் பிஸ்டலின் முனையை மேலே பார்க்கப் பிடித்து, ஸ்லைடைப் பின்னால் இழுத்துக் கையாலேயே மெதுவாக விடுங்கள். கடைசிவரை தானாகப் போய் மூடிக்கொள்ள வேண்டும். கடைசி அரை சென்டிமீட்டரில் தயங்கி நின்றால் ஒன்று அழுக்கு, இல்லையென்றால் ஸ்பிரிங் ஓய்ந்துவிட்டது. பிரேமின் முன்பகுதியிலும், விசை வளையம் சேரும் மூலையிலும் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

பேரலுக்குள் பார்க்க, ஸ்லைடைத் திறந்து வைத்து, அறைப் பக்கம் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை வைத்து டார்ச் வெளிச்சத்தை அதன் மேல் விழச் செய்யுங்கள். எண்ணெய் இருந்தால் முதலில் துணி விட்டுத் துடைக்கச் சொல்லுங்கள், எண்ணெய் பல பாவங்களை மறைக்கும். சுருள் வரிகள் தெளிவாக, ஓரம் நிமிர்ந்து தெரிய வேண்டும். அங்கங்கே சாம்பல் நிறப் புள்ளிகள் இருந்தால் குறி கொஞ்சம் சிதறும், உயிருக்கு ஆபத்தில்லை. உள்ளே ஒரு கறுப்பு வளையம் தெரிந்தால்தான் பிஸ்டலைக் கீழே வைத்துவிட வேண்டும். ஒரு குண்டு பேரலில் சிக்கியிருந்தபோது அடுத்ததையும் சுட்டு, அந்த இடம் உப்பிப்போயிருக்கிறது.

பென்சில் சோதனை

அறை காலி என்று மறுபடியும் உறுதி செய்துகொண்டு, ரப்பர் முனை உள்ளே இருக்கும்படி ஒரு பென்சிலைப் பேரலுக்குள் விடுங்கள். முனையை மேலே தூக்கி விசையை இழுத்தால் பென்சில் துள்ளி எழும்ப வேண்டும். மந்தமாக அசைந்தால் ஃபயரிங் பின்னையோ அதன் ஸ்பிரிங்கையோ கவனிக்க வேண்டும். பெல்ஜியத்தின் எஃப்.என். 1910 மாடல் பிஸ்டலில் மேகசின் உள்ளே இல்லாவிட்டால் சுடாது, கைப்பிடியின் பின்புற நெம்பை அழுத்தாவிட்டாலும் சுடாது. அதைப் பழுது என்று நினைத்துவிடாதீர்கள். அந்த நேரத்தில் காலி மேகசினைத்தான் போட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சுடாமல் தடுக்கும் சேஃப்டியைப் போட்டு விசையை அழுத்தமாக இழுத்துப் பாருங்கள். பிறகு விசையிலிருந்து கையை எடுத்து சேஃப்டியை விலக்குங்கள். அப்போது, பின்னை அடிக்கும் சுத்தியல் தானாக விழுந்தால் தேய்மானம் முற்றிவிட்டது. வால்தர் பிபியில் சேஃப்டி நெம்பைத் தாழ்த்தினாலே சுத்தியல் விழும், ஆனால் பின்னைத் தொடக் கூடாது. பென்சில் உள்ளே இருக்கும்போதே இதைச் செய்யுங்கள். பென்சில் இம்மியும் அசையக் கூடாது. அசைந்தால் அதை விலை குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம்.

மேகசினுக்குத் தனிக் கவனம் தேவை. மேல் உதடுகள் இரண்டும் ஒரே வளைவில் இருக்கின்றனவா, முதுகில் விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய மாடல்களுக்கு உதிரி மேகசின் கிடைப்பது குதிரைக் கொம்பு. முதல் உலகப்போரில் பிரெஞ்சுப் படைக்காக ஸ்பெயினில் செய்த ரூபி பிஸ்டல் என்று ஒன்று உண்டு. ஏகப்பட்ட பட்டறைகள் செய்தன, வெளியில் எல்லாம் ஒன்று போலவே இருக்கும், ஒன்றின் மேகசின் இன்னொன்றில் ஒழுங்காகப் பொருந்தாது. பெயர் ஒன்றுதானே என்று வேறு மேகசினைப் போட்டுக் கொடுத்திருப்பார்கள்.

தோட்டா: .32 என்றால் எந்த .32?

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். நம் ஊர்க் கடையில் ".32 கொடுங்கள்" என்றால், "பிஸ்டலுக்கா ரிவால்வருக்கா?" என்று திருப்பிக் கேட்பார்கள். பிஸ்டலுக்கானது .32 ஏ.சி.பி. 1899இல் ஜான் பிரவுனிங் வடிவமைத்தது. அதையே ஐரோப்பாவில் 7.65 பிரவுனிங் என்பார்கள். குண்டைத் தாங்கும் பித்தளைக் கூட்டின் நீளம் 17 மில்லிமீட்டர், செம்பு உறையிட்ட 71 கிரெயின் குண்டு, அதாவது நாலரை கிராம் சொச்சம். ரிவால்வருக்கானது .32 ஸ்மித் அண்ட் வெஸன் லாங். கூடு 23 மில்லிமீட்டர், விளிம்பு அகலம், வெறும் ஈயக் குண்டு 98 கிரெயின். பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவைத்தால் அண்ணன் தம்பி மாதிரி உயரம் தெரியும். நீளமானது பிஸ்டலில் ஏறவே ஏறாது. ஆனால் குட்டையானது ரிவால்வரில் நழுவி உட்கார்ந்துவிடும், அதுதான் ஆபத்து. அதன் அழுத்தம் அதிகம், பழைய ரிவால்வர் அதற்காகச் செய்ததில்லை.

7.65 என்பதிலும் இதே குழப்பம். பிரெஞ்சுக்காரர்களின் 1935 மாடல் ராணுவப் பிஸ்டலுக்கு 7.65 லாங் என்று வேறு தோட்டா, கூடு 20 மில்லிமீட்டர். ஜெர்மன் லூகருக்கு 7.65 பாராபெல்லம், அது இன்னும் வேறு. ஆகவே எண்ணை மட்டும் படிக்காமல் எண்ணுக்குப் பின்னால் வரும் பெயரையும் படியுங்கள். வால்தர் பிபியும் எஃப்.என். 1910உம் 7.65இலும் வந்தன, 9 ஷார்ட்டிலும் வந்தன. ஸ்லைடிலோ பேரலிலோ குத்தியிருப்பதுதான் சாட்சி, விற்பவர் வாய்ச்சொல் அல்ல.

இங்கே கடையில் வழக்கமாகக் கிடைப்பது புனே கட்கி தொழிற்சாலைத் தோட்டா, அடிப்பக்கத்தில் கே.எஃப். என்று இருக்கும். பழைய பிஸ்டலுக்கு உருண்டை மூக்கும் முழு உறையும் உள்ள அந்தச் சாதாரணத் தோட்டாவே பொருத்தம். அந்தக் காலத்தில் அதை வைத்துத்தான் பிஸ்டலையே வடிவமைத்தார்கள். குழிமூக்குத் தோட்டா எங்காவது கிடைத்தாலும் ஆசைப்படாதீர்கள். அது நீளம் குறைவு. .32 ஏ.சி.பி. கூட்டுக்கு லேசான விளிம்பு உண்டு, மேகசினுக்குள் முன்னும் பின்னும் ஆட இடம் கிடைத்தால் மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய்ப் பூட்டிக்கொள்ளும். அதன்பின் ஸ்லைடை என்ன ஆட்டினாலும் நகராது. மேகசினில் நிரப்பும்போது ஒவ்வொரு தோட்டாவின் விளிம்பும் கீழே உள்ளதற்கு முன்னால் இருக்கும்படி வையுங்கள்.

பிஸ்டலோடு சேர்த்து "இந்த இருபது ரவுண்டும் வெச்சுக்கோங்க" என்று பழைய தோட்டா கொடுப்பார்கள். உரிமத்தில் பதிவாகாமல் ஒரு தோட்டாவைக்கூடத் தொடக் கூடாது. அதுபோக, பச்சை பூத்தது, கூடு நசுங்கியது, குண்டு உள்ளே அமுங்கியது எதையும் சுடக் கூடாது. தோல் பெல்ட்டின் கண்ணிகளில் செருகிவைத்த தோட்டாக்களுக்குத்தான் இந்தப் பச்சை சீக்கிரம் வரும். மிகப் பழைய ராணுவத் தோட்டாக்களின் அடியில் தீப்பற்றும் பகுதியான பிரைமரில் பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்ட பிறகு பேரலில் ஒருவகை உப்பு தங்கி, காற்றின் ஈரத்தை இழுத்து, நம் ஊரில் இரண்டே நாளில் துரு பிடிக்கவைக்கும். எண்ணெய் அந்த உப்பைக் கரைக்காது, வெந்நீர்தான் கரைக்கும். தோட்டாவின் மேல் எண்ணெய் தெளிக்கிற பழக்கமும் வேண்டாம், பிரைமருக்குள் இறங்கினால் தோட்டா செத்துப்போகும்.

சுட்டுப் பார்ப்பது

அனுமதி பெற்ற ரேஞ்சில், அதாவது துப்பாக்கி சுடும் தளத்தில் மட்டும். முந்திரித் தோப்பில், ஆற்று மணலில் என்று யார் அழைத்தாலும் போகாதீர்கள். கண்ணாடியும் காதடைப்பும் கட்டாயம். முதலில் மேகசினில் ஒரே ஒரு தோட்டா. அடுத்து இரண்டு. விசையை ஒருமுறை இழுத்ததற்கு இரண்டும் வெடித்தால் உள்ளே கொக்கி தேய்ந்திருக்கிறது, அங்கேயே நிறுத்துங்கள். இரண்டு தோட்டாவோடு நிறுத்திச் சோதிப்பது இதற்காகத்தான். பிறகே முழு மேகசின். விழுந்த காலிக் கூடுகளைப் பொறுக்கிப் பாருங்கள். ஃபயரிங் பின் குத்திய தடம் நடுவில் இருக்க வேண்டும், கூடு ஒரு பக்கம் உப்பியோ கிழிந்தோ இருக்கக் கூடாது.

விசையை இழுத்தும் வெடிக்காவிட்டால் முனையை இலக்கின் பக்கமே வைத்து முப்பது விநாடி எண்ணுங்கள். தாமதமாக வெடிக்கலாம். 'டப்' என்று மொக்கையாகச் சத்தம் வந்தால் அடுத்ததைச் சுடாதீர்கள். குண்டு பேரலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். முன்பு சொன்ன கறுப்பு வளையம் அப்படித்தான் உருவாகிறது.

அக்கா மகன் கடைசியில் வால்தரை விட்டுவிட்டான். சென்னையில் ஒரு கடையில் டெபாசிட்டாகக் கிடந்த, நம் நாட்டு ஆர்டனன்ஸ் தொழிற்சாலையில் செய்த அசனி பிஸ்டலை வாங்கினான். வெளிப்பூச்சு பாதி போயிருந்தது, கைப்பிடிக்கு அடியில் மட்டும் புத்தம் புதுசு. வால்தரின் பாதி விலைகூட இல்லை. உறையோடு பீரோவில் வைக்காதே, தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும், மெல்லிய தையல் மிஷின் எண்ணெய் தடவிச் சிலிக்கா பொட்டலத்தோடு பூட்டிவை, தோட்டாவைத் தனியே வேறு பூட்டில் வை என்று சொல்லி அனுப்பினேன். தேர்தல் வந்தால் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள், வாரக்கணக்கில் அங்கே கிடக்கும். அதற்கு முன் தடிமனாக கிரீஸ் தடவிவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன். இப்போது மாதாமாதம் முதல் ஞாயிறு கைப்பிடித் திருகாணியைக் கழற்றி, உள்ளே போட்டோ எடுத்து எனக்கு அனுப்புகிறான்.